முதல் போடாத இலாபம்

செவ்வாய்ச் சந்தை முடிந்து, கல்லாவை எண்ணி, கடன் நோட்டை மூடி காரிமங்கலம் வணிகர்களாகிய நாம் வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். நெஞ்சின் படபடப்பு மட்டும் அடங்குவதில்லை.

2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தின் 'கட்டிப்பிடி வைத்தியம்' கண்டு சிரித்தோம். அது வெறும் வேடிக்கையன்று. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதியரை 10 நிமிடம் கைகோத்து அமரவைத்து, 20 விநாடி அணைத்துக்கொள்ளச் செய்தனர். பின்னர் பலர்முன் பேசுவதுபோன்ற பதற்றமான வேலையைத் தந்தனர். அணைத்துக்கொண்டோருக்கு, தனித்திருந்தோரைவிட இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறைவாகவே ஏறின.

மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். பிரஷரையும் தவறாமல் பார்த்துக்கொள்வோம். ஆனால் வாரத்தில் சில நாளாவது ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையடைத்து, மனைவியின் கையைப் பற்றுவோம், பிள்ளைகளை அணைப்போம். முதல் போடாத இலாபம் இது!