ஒன்று போதுமா, இரண்டும் மாற்ற வேண்டுமா?

"ஒரு பக்கத்து ஷொக் அப்ஸோபர்தான் போய்விட்டது. ஆனால் இரண்டையும் மாற்ற வேண்டுமாம்." வாகனத்தைக் கராச்சில் விட்டு வந்த கணவர் இப்படிச் சொன்னால், "கெட்டது ஒன்று, காசு இரண்டுக்கா?" என்றுதான் உங்களுக்கு முதலில் தோன்றும். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் சகோதரிகள் கேட்க வேண்டிய கேள்விதான் இது. விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வீண் செலவையும் தவிர்க்கலாம், ஆபத்தையும் தவிர்க்கலாம்.

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது ஷொக் அப்ஸோபர். அது தேய்ந்துவிட்டால் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் பாதையை இறுகப் பிடிக்காது. பிரேக் பிடித்தால் வாகனம் நிற்கத் தூரம் கூடும். மாரி மழையில் நனைந்த வீதியில் இன்னும் கூடும்.

இப்போது ஒரு பக்கம் மட்டும் புதிதைப் பூட்டினால் என்ன ஆகும்? ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் தேய்ந்த செருப்பும் போட்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள். வளைவிலும் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போதும் இரு பக்கமும் ஒன்றுபோல் நடக்காது. ஸ்பிரிங்கும் அப்படியே. பல வருடம் பாரம் சுமந்த பழைய ஸ்பிரிங் சற்றுத் தணிந்திருக்கும். பக்கத்தில் புதியது நிமிர்ந்து நிற்கும். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்துபோகும்.

எவை ஜோடியாக, எவை தனியாக?

ஷொக் அப்ஸோபரையும் ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஜோடி என்றால் முன்னால் இரண்டு, அல்லது பின்னால் இரண்டு. ஒன்று கெட்டதற்காக நான்கையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், மற்ற இரண்டிலும் என்ன பழுது என்று காட்டச் சொல்லுங்கள்.

போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், ரப்பர் புஷ் போன்றவை வேறு வகை. இவற்றில் ஆட்டம் கண்டதை மட்டும் மாற்றலாம். ஆனால் இரண்டும் ஒரே தூரம் ஓடியவை என்பதால் மறு பக்கத்தையும் அசைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. இவற்றை மாற்றினால் வீல் எலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் டயர் வீணாகத் தேயும். அண்மையில்தான் ஜோடியாகப் பூட்டிய ஷொக் அப்ஸோபரில் ஒன்று பழுதானால், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். அதன் ஜோடியும் புதிதுதானே!

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள்

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களை நீண்ட காலம் ஓட வைத்துக் காட்டியது யாழ்ப்பாணம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் எஞ்ஜினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிடைத்த பாகத்தைப் பொருத்திச் சமாளிப்பதைத் தவிர அன்று வழி இருக்கவில்லை.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொரிஸ் மைனரில் ஒரு விசேஷம் உண்டு. அதன் முன் ஷொக் அப்ஸோபர் எண்ணெய் நிரப்பிய ஒரு பெட்டி. அதிலிருந்து நீளும் கைதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கிறது. ஆகவே அது தேய்ந்தால் துள்ளல் மட்டுமல்ல, சக்கரத்தின் பிடியே ஆட்டம் காணும். எண்ணெய் குறைந்தால் ஊற்றலாம். தேய்மானத்தை எண்ணெய் குணமாக்காது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டின. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் பலருக்கு இன்றும் புத்தளத்தில் பாதி உறவும் சோனகத்தெருவில் பாதி உறவும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு, மன்னார் வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து போய்வரும் வாகனத்தில் இந்தச் சேமிப்பு வேண்டாம்.

கையில் காசு குறைவா?

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பித்து, சில மாதத்தில் மற்றதையும் எடுப்பித்தால் போக்குவரத்துச் செலவும் கராச் கூலியும் இரண்டு முறை. ஒரே தடவையில் ஜோடியாக வாங்குவதே சிக்கனம். பாவித்த பாகம் வாங்குவதானால் ஒரே வாகனத்தில் கழற்றிய ஜோடியாகக் கேளுங்கள். எண்ணெய் கசிந்த அடையாளம் இருந்தால் வேண்டாம்.

ஷொக் அப்ஸோபர் தேயத் தொடங்கியிருந்தால், இரண்டுக்கும் காசு சேரும்வரை பாரம் குறைத்து, மெதுவாக, கிட்டிய பயணம் மட்டும் போகலாம். ஸ்பிரிங் உடைந்தாலோ போல் ஜொயின்ட் ஆட்டம் கண்டாலோ தவணை சொல்லாதீர்கள். போல் ஜொயின்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். திருத்தும்வரை வாகனம் வீட்டில் நிற்கட்டும்.

நீங்களே பார்க்கலாம்

சமதரையில் வாகனத்தை வெறுமையாக நிறுத்துங்கள். ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழுந்து அடங்கினால் நல்லது. மீண்டும் மீண்டும் ஆடினால் பழுது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இரு பக்கமும் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். டயரில் மேடு பள்ளமாகத் தேய்வு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இவை முழுச் சோதனை அல்ல. ஆனால் கராச்சில் பாஸிடம் சரியான கேள்வி கேட்க இவை போதும். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டும்படியும் தயங்காமல் கேளுங்கள்.