பறவைகளை எண்ணுவோர்

தைத் திங்கள் பிறந்து வீடுதோறும் பொங்கற் பானை ஏறும் நாட்களில், தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் சிலர் கையிற் குறிப்பேடும் கழுத்தில் தொலைநோக்கியுமாக விடியற்காலையில் நடந்து செல்வதைக் காணலாம். இவர்கள் பறவைகளை எண்ணச் செல்வோர். 2015 ஆம் ஆண்டு தொடங்கி, பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் இக்கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். இதிற் சேரப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா. கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையும் இருப்பின் பள்ளிச் சிறுவரும் சேரலாம்.

இவ்வழக்கம் மேலைநாட்டிலும் ஒரு திருநாளையொட்டியே தோன்றியது. அமெரிக்காவிற் கிறித்துமசு நாளில் அணி அணியாகச் சென்று, கண்ணிற்பட்ட பறவைகளையெல்லாம் சுட்டு வீழ்த்திப் போட்டியிடுவது ஒரு விளையாட்டாக இருந்தது. 1900 ஆம் ஆண்டில் பிராங்கு சாப்மன் என்னும் பறவை நூலார், ‘சுடுவதை விட்டு எண்ணுவோம்’ என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அவ்வாண்டு அவருடன் சேர்ந்து எண்ணியவர் 27 பேரே. துப்பாக்கி பிடித்த கை எழுதுகோல் பிடித்தது. அக்கணக்கு இன்றும் ஆண்டுதோறும் தொடர்கின்றது.

பறவை நோக்குவதற்குக் கள்ளக்குறிச்சிப் பகுதி மிக ஏற்ற இடமாகும். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். 2019 ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இப்பகுதியின் மேற்கே கல்வராயன் மலை நெடுமதில்போல் நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிப்படும். முன்னதன் சராசரி உயரம் ஏறத்தாழ 2,700 அடி. பின்னதன் உயரம் ஏறத்தாழ 4,000 அடி. இம்மலையிற் பிறக்கும் கோமுகியாறு அடிவாரத்தில் அணையிற் தேங்கி, கீழுள்ள வயல்களை வளப்படுத்துகின்றது. ஆதலின், வயலும் ஏரியும் மலைச்சரிவும் காடும் ஒரு நாட் செலவிற்குள் அடங்கும். இடம் மாறுந்தோறும் பறவையும் மாறும்.

ஏரியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி எழும். சேற்றில் நத்தைகுத்தி நாரை தன் இடைவெளியுள்ள அலகால் நத்தையைப் பற்றும். வேலியோரங்களிற் செங்குதச் சின்னான் தாவித் திரியும்; மலைப்பாங்கான இடங்களிலோ, கூரிய கொண்டையும் கன்னத்திற் சிவப்பும் உடைய செம்மீசைச் சின்னானைக் காணலாம். குளிர்காலத்தில் வடக்கிருந்து தென்னாடு வந்து தங்கும் பறவைகளுள் ஒன்று ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. நூலோர் வகுத்த பெயர்களைவிட நாட்டுமக்கள் இட்ட இப்பெயரே அப்பறவையை எளிதில் அறிவிக்கின்றது அன்றோ!

எண்ணுவதற்கும் முறை உண்டு. ஓரிடத்திற் குறைந்தது பதினைந்து நிமிடமேனும் இருத்தல் வேண்டும். கண்ணாற் கண்டவற்றோடு, குரலால் ஐயமின்றி அறிந்தவற்றையும் எழுதலாம். காகம், மைனா முதலியவற்றை ‘இவை எங்கும் உள்ளனவே’ என்று விட்டுவிடுதல் கூடாது. பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துள்ள இடத்தைக் கண்ணால் அளந்து, கூட்டம் அத்தகைய எத்தனை பங்கு என்று கணித்தல் வேண்டும். எழுந்து பறந்து மீண்டும் வந்தமர்ந்த பறவையை இருமுறை எண்ணலாகாது. ஐயமுற்ற பறவையைத் தெரிந்ததுபோல் எழுதுவது பெருந்தவறு. கூட்டை அணுகுதலும் கல்லெறிந்து பறவையை எழுப்புதலும் அறவே விலக்கத்தக்கன. இவ்வாறு தொகுத்த பட்டியல், கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டிற் சேர்க்கப்படுகின்றது.

எங்கும் உள்ள பறவையை எண்ணுவானேன் என்று சிலர் வினவுவர். இதற்குப் பிணந்தின்னிக் கழுகின் வரலாறே விடை. இந்திய நாட்டில் ஒரு காலத்தில் அவை எண்ணிறந்தன. ஆகவே அவற்றை எண்ணியவர் மிகச் சிலர். பரத்பூரிலுள்ள கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாசு என்னும் ஆய்வாளர் 1980களில் எடுத்த கணக்கு இருந்தது. 1990களில் மீண்டும் எண்ணியபோது அவை பெரிதும் குறைந்திருந்தமை புலனாயிற்று. முற்கணக்கு இல்லையேல் பிற்குறைவை எங்ஙனம் மெய்ப்பிப்பது? கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்குளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியே கழுகுகளைக் கொன்றது என்பது 2004 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. 2006 ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்கு வழங்குவதைத் தடுத்தது. அதற்குள் மூவகைக் கழுகுகளில் நூற்றுக்கு 95க்கு மேல் மாய்ந்துவிட்டன.

2023 ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளின் நிலை குறித்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஏறத்தாழ 30,000 பறவை நோக்குநர் எழுதிய குறிப்புகளே அதற்கு அடிப்படை. குறைந்துவரும் பறவைகளுள் ஒன்றாக அது பனங்காடையைக் காட்டுகின்றது. கம்பியில் அமர்ந்திருக்கையில் மங்கிய பழுப்பாய்த் தோன்றி, பறக்கையில் நீலச்சிறகு விரிக்கும் இப்பறவை தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சாலைகளிற் பலரும் அறிந்ததே. கள்ளக்குறிச்சியினின்று மலையடிவாரம் வரை செல்லும் ஒருவர் அதனைக் காணின் எண்ணி எழுதுவார். காலைப்பொழுது முழுதும் தேடியும் ஒன்றேனும் தென்படாவிடின், பிற பறவைகள் நிரம்பிய அப்பட்டியலில் அதன் பெயர் இராது. அவ்வின்மையையும் ஆய்வாளர் ஒரு செய்தியாகவே குறித்துக்கொள்வர்.