பிரேக் விளக்கு எரிகிறதா?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் காருக்குக் குறுக்கே ஓர் ஆடு வந்தால், டிரைவர் சட்டென்று பிரேக்கை மிதிப்பார். அதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வது பிரேக் விளக்குத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். விளக்கு எரியாவிட்டால் அந்த ஒரு விநாடியே ஆபத்தாகிவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டிய பின் காரின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, பிரேக்கை மிதித்தால், சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் டிரைவரின் கண்ணாடியில் தெரியும். இரு பக்கமும் எரியவில்லையா? முதலில் பியூஸையும், பிறகு பெடலுக்கு மேலுள்ள சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையென்றால் அந்தப் பக்கத்துப் பல்பை மாற்றலாம்.

புதுப் பல்பும் மங்கலாகவே எரிந்தால்? கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றின்மீது சந்தேகப்படுவதில் தவறில்லை. எர்த் கம்பி காரின் தகட்டோடு சேருமிடத்தில் துருவும் களிம்பும் ஏறினால் மின்சாரம் தடைப்படும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால் விளக்குப் பளிச்சென்று எரியும்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த கம்பியைச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. பியூஸ் எரிந்தால் செலவு சில ரூபாய். அதற்குப் பதில் ஒயர் எரிந்தால் காரே எரியும்!