ஆம்பியர்-மணி மட்டும் போதாது

இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் 150 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. பவர் பேங்கின் மேல் 20,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 20 ஆம்பியர்-மணி. எண்களை மட்டும் பார்த்தால் ஏழெட்டுப் பவர் பேங்க் சேர்ந்தால் அந்தப் பேட்டரிக்கு ஈடாகிவிடும் என்றுதான் தோன்றும். உண்மையில் இருபத்து நான்கு இருந்தாலும் சற்றுக் குறையும். ஆம்பியர்-மணி சொல்வது மின்னூட்டத்தின் அளவை. அந்த மின்னூட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்பது வோல்ட்டைப் பொறுத்தது. கையில் இருபது நோட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவை பத்து ரூபாய் நோட்டா, நூறு ரூபாய் நோட்டா என்று சொல்லாமல் விட்டால் எப்படியோ, வோல்ட் இல்லாத ஆம்பியர்-மணியும் அப்படித்தான்.

ஒரு கூலூம் மின்னூட்டம் எத்தனை ஜூல் ஆற்றல் தருகிறதோ அது வோல்ட். நொடிக்கு ஒரு கூலூம் ஓடினால் அது ஒரு ஆம்பியர். இரண்டையும் பெருக்கும்போது கூலூம் அடிபட்டுப் போகிறது. நொடிக்கு இத்தனை ஜூல் என்பது மிஞ்சுகிறது. அதுவே வாட். வாட்டை நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின் கட்டணத்தில் நாம் பார்க்கும் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல். இப்போது கணக்கைத் திரும்பப் போடலாம். 12 வோல்ட் பேட்டரி 150 ஆம்பியர்-மணி தந்தால் 1,800 வாட்-மணி. பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட், ஆகவே 74 வாட்-மணிதான். அதையே யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் எடுத்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 14,800 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் வராது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வோல்ட் கூடினால் ஆம்பியர் குறைந்தே ஆக வேண்டும். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் பேட்டரிக்கு வரம்பு வைத்தவர்கள் 100 வாட்-மணி என்று வைத்ததும் இதனால்தான். 26,800 என்ற விசித்திரமான எண்ணோடு பவர் பேங்குகள் விற்பனைக்கு வருவதற்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது: 3.7 ஆல் பெருக்கினால் 99.16.

ஒரே வோல்ட் உள்ள பேட்டரிகளை ஒப்பிட ஆம்பியர்-மணியே போதுமே என்று கேட்கலாம். ஒரே வகைப் பேட்டரியானால் போதும். ஆனால் 24 வோல்ட் இன்வெர்ட்டருக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் ஆம்பியர்-மணி அதே 150 ஆகத்தான் இருக்கும், ஆற்றலோ இரட்டிப்பாகிவிடும். காரீய அமில பேட்டரியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கும் கணக்கில் 150 என்றால், அது 7.5 ஆம்பியர் வீதம் எடுப்பவருக்கான எண். 50 ஆம்பியர் எடுப்பவருக்கு மூன்று மணி நேரம் கிடைக்காது.

அப்படியானால் ஆம்பியரே வேண்டாமா? வேண்டும், கம்பிக்கு. 600 வாட் சுமை 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர்தான் இழுக்கும். அதே சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் வர வேண்டும். கம்பி சூடேறுவது ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில் தடித்த கேபிள் கட்டாயம். ஆற்றலை ஒப்பிட வாட்-மணி, கம்பியைத் தேர்ந்தெடுக்க ஆம்பியர். பேட்டரி வாங்கப் போகிறவர்கள் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையை ஒப்பிடுங்கள்.