உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?
“இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை.” மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் இந்த வரி எத்தனை பேருக்குப் புரிகிறது? அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் வரியைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்கு உரியதை எண்ணிக் காட்டச் சொன்னபோது, நான்கு மாத்திரையை எடுத்துக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான்!

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர், காட்டப்பட்ட ஐந்து குப்பிகளின் குறிப்புகளில் ஏதாவது ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே நோயாளியைக் குறைசொல்வது அநியாயம். ‘காலை 2, இரவு 2’ என்று எழுதினால் கணக்குப் போடும் வேலையே இல்லை. மருந்து கொடுப்பவர், “எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டால் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.