மாவலிக்குக் கரி எங்கே?

தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்த வேண்டுமானால் கையில் பணம் இருந்தால் போதும். கார்த்திகைக்கு மாவலி சுற்ற வேண்டுமானால் பணத்தால் மட்டும் காரியம் நடக்காது. பனைமரம் வேண்டும், அதுவும் ஆண் பனையாக இருக்க வேண்டும். அதன் உலர்ந்த பூ வேண்டும். கிழிந்த பருத்தி வேஷ்டி ஒன்று வேண்டும். பச்சைப் பனைமட்டை வேண்டும். இவை எல்லாம் எங்கே கிடைக்கும், எந்தப் பக்குவத்தில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரு தாத்தாவும் வேண்டும். பட்டணத்தில் பிறந்து பட்டணத்திலேயே வளர்ந்த நேயர்கள் மாவலி என்றதும் மூன்றடி மண் கேட்ட கதையை நினைத்துக்கொள்வார்கள். அந்தச் சக்கரவர்த்தியின் பெயரைத்தான் இந்த வாணத்துக்கும் வைத்திருக்கிறார்கள் என்று கிராமத்தார் சொல்லுகிறார்கள். மாவளி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. பெயரில் நமக்குத் தகராறு இல்லை.

ஆண் பனையின் பூவைக் குழியில் இட்டு எரித்துக் கரியாக்குவார்கள். அந்தக் கரியைப் பொடித்துத் துணியில் இறுக்கிச் சுற்றி, விரல் பருமனில் நீளப் பொட்டலமாகக் கட்டுவார்கள். மட்டையை மூன்றாகப் பிளந்து அதன் நடுவே பொட்டலத்தைச் செருகிக் கயிற்றில் கோப்பார்கள். நெருப்புத் துண்டை வைத்து ஊதிக் கனிய விட்டு, தலைக்கு மேலே கயிற்றைச் சுழற்றினால் கரித்துகள் ஒவ்வொன்றும் பொறியாகச் சிதறும். இருட்டில் பையனைச் சுற்றி ஒரு பொற்சக்கரம் நிற்கும். சத்தம் கிடையாது. கந்தக நாற்றமும் கிடையாது. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, அதை ஒட்டிப் பட்டாசுத் தொழிலும் அங்கே வளர்ந்ததே, அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே நம் கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து தாங்களே சுற்றிய வாணம் இது.

விழுப்புரத்துக்கு வடக்கே விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் நம்முடைய நண்பர் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிறார். வருஷந்தோறும் தம் கையாலேயே மாவலி செய்கிறவர். "இந்த வருஷம் சாமான் கிடைப்பதே சந்தேகமாயிருக்கிறது, வந்தால் வேடிக்கை பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாமான் இல்லாத வேடிக்கை என்ன வேடிக்கை என்று நமக்கு விளங்கவில்லை. ஆனாலும் திருநாளுக்கு நான்கு தினங்கள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

மழை விட்டிருந்த மாலை வேளை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு மகாசபையே கூடியிருந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் மரம் ஏறியவர். மார்பிலும் முன்கையிலும் அதன் தழும்பு இருந்தது. எதிரே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனும், கல்லூரியில் படிக்கும் அவனுடைய அக்காளும் இருந்தார்கள். ஏரிக்கரையை அடுத்த கொல்லைக்குச் சொந்தக்காரர் சற்று விலகி, வேறு ஏதோ காரியமாக வந்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"பூ எத்தனை வைத்திருக்கிறாய்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஒரு சாக்கு, சார். சித்திரையிலேயே பொறுக்கிப் பரண்மேலே போட்டுவிட்டேன்" என்றான் பையன்.

"கெட்டிக்காரன்! இப்போது பொறுக்கினால் குப்பைதான் கிடைக்கும்" என்றார் பெரியவர். "ஆனால் ஒரு சாக்குப் பூ எந்த மூலைக்கு? எரித்தால் இரண்டு படி கரி தேறினால் அதிகம்."

ஆண் பனை பாளை விடுவது தை, மாசியிலிருந்து கோடை வரையில். விரல் விரலாகத் தொங்கும் அந்தக் கதிர்கள் மகரந்தம் உதிர்த்த பிறகு காய்ந்து கீழே விழும். மாவலிக்கு வேண்டியது அதுதான். பதநீர் இறக்கும் மரத்தில் இது கிடைக்காது. பாளையைக் கட்டி நுனியைச் சீவிவிடுவதால் பூ முற்றுவதே இல்லை. ஆகவே யாரும் ஏறாத மரமே பிள்ளைகளின் மரம். பெரியவர் இளமையில் அந்த ஏரிக்கரை நெடுக மரம் நின்றதாம். அவர் ஏறியது போக மிச்சமிருந்தவற்றின் பூவே ஊர்ப்பிள்ளைகளுக்குப் போதும் போதும் என்றிருந்ததாம். பிறகு செங்கல் சூளைகள் வந்தன. ஈரம் காயாத பனந்துண்டைக்கூடச் சூளை விழுங்கிவிடும். இன்று கரையில் ஆண் பனை இரண்டே இரண்டுதான். சாக்கில் இருந்த பூ முழுவதும் அந்த இரண்டிலிருந்து உதிர்ந்தது. அந்த இரண்டும் சற்று விலகி நின்றாரே, அவருடைய கொல்லை வரப்பில் இருக்கின்றன. இப்போது அவர் ஏன் விலகி நின்றார் என்பது நமக்குப் புரியத் தொடங்கியது.

"கைபேசியில் பார்த்தேன் சார். செய்து முடித்த மாவலியே விற்கிறார்கள். வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம்" என்றாள் அக்காள்.

ஆசிரியர் சிரித்தார். சென்ற வருஷம் அவரே டவுனில் ஒன்று வாங்கிப் பார்த்தாராம். உள்ளே இருந்தது வேலிக்கருவைக் கரி. "கனமான கரி, கனன்றுகொண்டே இருக்கிறது, பறக்க மாட்டேன் என்கிறது. பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்துப் பொறி! கைதான் வலித்தது." பனம்பூவின் கரி பஞ்சு போல இலேசானது; காற்றுப் பட்டதும் தனித்தனியாகக் கிளம்பிவிடும். சிலர் அதனுடன் கொஞ்சம் உப்பையும் சேர்த்து அரைப்பதுண்டு. படபடவென்று பொரியுமாம். பெரியவருக்கு அதில் சம்மதமில்லை. கார்த்திகை மாதத்து ஈரக் காற்றில் உப்பு நீர் கோத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

அடுத்தது துணி. இந்த விஷயத்தில் பையனுடைய பாட்டி வந்து கலந்துகொண்டாள். கடைத்தெருவில் கிடைக்கும் துணி பாதிக்கு மேல் நூலே இல்லாத துணி. நெருப்புப் பட்டால் கருகாமல் உருகும், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி என்றால் மெல்லக் கருகி, உள்ளே இருக்கும் கரிக்கு வழி விடும். "தாத்தாவோட வேஷ்டி ஒண்ணு பெட்டியிலே இருக்குது. அதைத் தரேன்" என்று பாட்டி சொன்னாள். அந்தத் தாத்தா காலமாகி ஆறு வருஷமாகிறது என்று ஆசிரியர் பிறகு நமக்குச் சொன்னார். கயிற்றிலும் இதே சங்கடந்தான். நைலான் கயிறு நடுவில் அறுந்தால் நெருப்புப் பொட்டலம் யார் கூரையில் போய் விழும் என்று சொல்ல முடியாது. மட்டைக்குப் பக்கத்தில் ஒரு முழம் கம்பி, கைப்பிடிக்குத் தேங்காய் நார்க் கயிறு என்று தீர்மானமாயிற்று.

இவ்வளவு நேரமும் பொறுத்திருந்த பையன் மெதுவாகத் தன் யோசனையை வெளியிட்டான். "தாத்தா! தீபாவளியிலே வெடிக்காமல் போன பட்டாசு நிறைய வைத்திருக்கிறேன். அந்த மருந்தைக் கொஞ்சம் கரியிலே கலந்தால், பூ குறைவாக இருந்தாலும்..."

அவன் முடிக்கவில்லை. பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த ஊரிலேயே முன்பு ஒருவன் அப்படிச் செய்தானாம். தூளாக்கிய கரியையும் பட்டாசு மருந்தையும் ஒரே உரலில் போட்டு இடித்தான். இடது கையில் இரண்டு விரலும் ஒரு கண்ணும் போயின. "இன்றைக்கும் இருக்கிறான். சந்தையில் உனக்குக் காட்டுகிறேன்" என்றார்.

இங்கே நாம் நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரி தானாக வெடிக்காது. அது எரியக் காற்று வேண்டும். மாவலியில் அந்தக் காற்றைக் கொடுப்பது பையனுடைய கை. சுற்றினால் பொறி, நிறுத்தினால் கனல். பட்டாசு மருந்திலோ எரிவதற்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்பு முதலிய உப்புகளின் உருவில் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. கரியுடன் அவ்வகை உப்புச் சேர்ந்த பிறகு அது வெளிக்காற்றுக்குக் காத்திராது. நம் கையை நிறுத்தினாலும் நிற்காது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெடிமருந்து செய்வதை 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் குற்றமாக்கியிருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பெரியவர் சட்டம் படித்தவரல்லர். பையனை வீட்டுக்கு அனுப்பி, வெடிக்காத பட்டாசு முழுவதையும் கொண்டுவரச் செய்து, வாளித் தண்ணீரில் தாமே அமுக்கினார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

பேச்சு மறுபடியும் பூவுக்கே வந்து நின்றது. கொல்லைக்காரரால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"வாத்தியாரே, எல்லாரும் என்னையே பார்க்கிறீர்கள். அந்த மரம் இரண்டும் நுங்கு தருகிறதா? பழம் தருகிறதா? ஏறுவதற்குத்தான் ஆள் உண்டா? தரகர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசாங்கம் 2021-இல் சொல்லியிருப்பதை ஆசிரியர் எடுத்துக் காட்டினார். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சட்டசபையில் வைத்த வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அது அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுப்பதாகவும் அதிலேயே அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பனங்கொட்டை முளைத்துப் பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் செல்லும். அதுவரையில் அது ஆணா பெண்ணா என்பதைக் கண்டுகொள்ள வழியில்லை. 2021-இல் ஊன்றிய கொட்டையின் பூவைப் பொறுக்குகிறவன் இந்தப் பையனாக இருக்க முடியாது.

"அனுமதி எல்லாம் தரகர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்" என்று கொல்லைக்காரர் முனகினார். அந்தக் குரலில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் குழி வெட்டினார்கள். மழைக்குப் பயந்து மேலே தகரம் பிடித்துக்கொண்டு நின்றோம். நமக்கும் ஒரு மூலை கிடைத்தது. எல்லாவற்றிலும் கஷ்டமான கட்டம் இதுதான். தீ முழுவதும் பற்றி, புகை நீலமாக மெலியும் தறுவாயில் குழியை மூடிவிட வேண்டும். முந்தினால் பூ வேகாது; பிந்தினால் சாம்பல். பெரியவர் குந்தி உட்கார்ந்து புகையைப் பார்த்தபடியே இருந்தார். திடீரென்று, "மூடு!" என்றார். பையனும் ஆசிரியரும் ஓலையையும் ஈரமண்ணையும் தள்ளினார்கள். மறுநாள் திறந்தபோது கதிர்கள் உருவம் குலையாமல் கன்னங்கரேலென்று கிடந்தன, தொட்டால் உதிர்ந்தன. பெரியவர் சொன்ன கணக்குத் தப்பவில்லை. ஒன்றே முக்கால் படி. முன்பெல்லாம் கரிப்பொடி அடுப்பு மேடையிலேயே காயும். இப்போது வீடுதோறும் எரிவாயு அடுப்பாகிவிட்டபடியால், பாட்டி அதை ஒரு மூடிய பித்தளைத் தூக்கில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றினாள்.

பொட்டலம் மூன்று தேறியது. மட்டையின் கருக்கைச் செதுக்கி, மூன்றாகப் பிளந்து, வேஷ்டித் துணியால் சுற்றிய பொட்டலத்தை வைத்துக் கட்டியபோது பெரியவருடைய விரல்கள் நடுங்கவில்லை.

திருக்கார்த்திகையன்று இரவு கோவிலுக்கு முன்னால் சொக்கப்பனை எரிந்து சாய்ந்த பிறகு, பிள்ளைகள் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். பௌர்ணமி நிலவை மேகம் மறைத்திருந்தது. பையன் முதலில் தயங்கித் தயங்கிச் சுற்றினான். இரண்டு மூன்று பொறிகள் தெறித்தன. "கையை உயர்த்து! வேகம், வேகம்!" என்று பெரியவர் கூவினார். அவன் வேகம் பிடித்ததும் பொன் வட்டம் ஒன்று எழுந்து, ஏரித் தண்ணீரில் இன்னொரு வட்டமும் தெரிந்தது. அக்காள் கைபேசியில் படம் பிடிக்க மறந்துவிட்டாள். ஒரு பொட்டலம் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றது. இருபது பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்கள். நாமும் கேட்டு வாங்கிச் சுற்றினோம், தோள்பட்டை மறுநாள் வரை வலித்தது.

மூன்றாவது பொட்டலத்தைக் கொளுத்தும் சமயத்தில் கொல்லைக்காரர் தம்முடைய பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவள் தனக்கும் வேண்டும் என்று அழுதாள். "அடுத்த வருஷம், கண்ணு, அடுத்த வருஷம்" என்று அவர் சமாதானம் சொன்னது நம் காதில் விழுந்தது. ஆசிரியர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் ஒன்றும் பேசவில்லை.

மாசி மாதத்தில் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. மரம் இரண்டும் நிற்கின்றனவாம், பாளை விட்டிருக்கின்றனவாம். தரகர் மறுபடி வரவில்லை. முன்பணத்தை இவரும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.