டீசல் ஆட்டோமேட்டிக்கா, பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கா: 'ஸ்மூத்' என்றால் என்ன?

"ஆட்டோமேட்டிக் எடுக்கலாம்னு இருக்கேன். டீசல் ஸ்மூத்தா, பெட்ரோல் ஸ்மூத்தா?" இதைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். 'ஸ்மூத்' என்ற சொல்லில் ஆளாளுக்கு வேறு வேறு விஷயத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கணக்கில் அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சினிலிருந்து சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் வரும் அதிர்வு. இரண்டு, கியர் மாறும்போது வரும் குலுக்கல். மூன்று, காலை அழுத்தியதற்கும் வண்டி நகர்வதற்கும் உள்ள உறவு: அழுத்திய அளவுக்கு, அழுத்திய நேரத்தில் நகர்கிறதா என்பது. முதலாவது எரிபொருளைப் பொறுத்தது, இரண்டாவது கியர்பாக்ஸைப் பொறுத்தது, மூன்றாவது இரண்டும் சேர்ந்து செய்வது. இதைப் பிரிக்காமல் டீசலா பெட்ரோலா என்று பேசினால் பேச்சு முடியவே முடியாது.

எனக்கு இது வெறும் ஆர்வமாக இருந்த விஷயம்தான். போன வருடம் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு அப்படி இருக்க முடியவில்லை. வேளச்சேரியிலிருந்து அடையாறு, எட்டு கிலோமீட்டர்தான். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது அவருக்கு ஏற்கெனவே தலை சுற்றும். மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி நான்கு முறை நகர்ந்து நின்றால் வாந்தி வந்துவிடும். பழைய மேனுவல் காரை மாற்றுவது என்று முடிவு செய்ததே அதற்காகத்தான்.

வாந்திக்கும் வண்டிக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்தபோது எனக்கு ரொம்ப உதவிய ஒரு தகவல் கிடைத்தது. பயணக் குமட்டலை அதிகம் தூண்டுவது வேகமான அதிர்வு அல்ல. மிக மெதுவான அசைவு. நொடிக்கு 0.2 தடவை, அதாவது ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வரும் அசைவுதான் மோசம். படகில் போனால் குமட்டுவது அதனால்தான்.

இப்போது எஞ்சின் பக்கம் வருவோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரியும். ஐடிலிங்கில் 750 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 25 வெடிப்பு. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இந்த எண்ணிக்கை ஒன்றுதான். வித்தியாசம் ஒவ்வொரு வெடிப்பின் அடியில் இருக்கிறது. பெட்ரோலில் காற்றையும் எரிபொருளையும் பத்து மடங்கு போல அழுத்தி, பொறி வைத்து எரிக்கிறோம். டீசலில் பொறி கிடையாது. காற்றை 15, 16 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறோம். அழுத்தம் சட்டென்று ஏறும், அதுதான் அந்தக் 'கடகட'. இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில் முதலில் ஒரு சொட்டு டீசலைத் தெளித்துச் சின்னதாக எரியவிட்டு, பிறகு மீதியைத் தெளிக்கிறார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது போல இருக்கும். ஆனால் ஏசி போட்டு, 'டி'யில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது கையில் ஒரு நடுக்கம் தெரியத்தான் செய்யும். பெட்ரோலில், அதுவும் நான்கு சிலிண்டர் பெட்ரோலில், எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்.

ஆக அதிர்வு என்று பார்த்தால் பெட்ரோல்தான். மறுபேச்சு இல்லை. ஆனால் நொடிக்கு 25 முறை வரும் அந்த நடுக்கம் எரிச்சல் தரலாம், குமட்டல் தராது. அம்மாவைப் படுத்தியது நகர்ந்து, நின்று, நகரும் அந்த ஐந்து நொடி ஊஞ்சல். அதை முடிவு செய்வது கியர்பாக்ஸும் காலும்.

கியர்பாக்ஸ் வகைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. கியர் மாறும் அந்தக் கணத்தில் சக்கரத்துக்கு இழுவை போகாது. தலை ஒருமுறை முன்னால் போய்ப் பின்னால் வரும். டிசிடியில் இரண்டு கிளட்ச் இருப்பதால் ஓடும்போது கியர் மாறுவதே தெரியாது. ஆனால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அதுவும் 'ஹாஃப் கிளட்ச்' போட்டுத்தான் சமாளிக்கிறது. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் இருக்கிறது. ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905இல் கப்பலுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை. என் தொழில்காரர்களுக்கு 'பஃபர்' என்றால் புரியும்: வரவு எப்படித் துள்ளினாலும் செலவு சீராகப் போகும். சிவிடியில் படிகளே இல்லை, ஒரு பெல்ட் இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. படி இல்லாததால் குலுக்கலும் இல்லை.

நம் ஊர்க் கடையில் சிக்கல் என்னவென்றால், எல்லா எஞ்சினும் எல்லாக் கியர்பாக்ஸோடும் கிடைக்காது. உதாரணத்துக்கு ஹூண்டாய் கிரெட்டா. 1.5 லிட்டர் சாதா பெட்ரோலுக்கு சிவிடி வகை, டீசலுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், டர்போ பெட்ரோலுக்கு டிசிடி. டாடா நெக்ஸான் டீசலுக்கு ஏஎம்டி. அதனால் 'டீசல் ஆட்டோமேட்டிக் குலுக்குது' என்று ஒருவர் சொன்னால், எந்த டீசல், எந்தக் கியர்பாக்ஸ் என்று திருப்பிக் கேளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வைத்த டீசல், ஏஎம்டி வைத்த பெட்ரோலைவிட நிச்சயம் சீராகப் போகும்.

அடுத்து இழுவை. கிரெட்டாவின் டீசலும் சாதா பெட்ரோலும் பவரில் கிட்டத்தட்ட சமம், 115 பிஎஸ் பக்கம். டார்க் மட்டும் டீசலுக்கு 250 நியூட்டன் மீட்டர், 1500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும். பெட்ரோலுக்கு 144, அதுவும் 4500இல். கணக்குப் போட்டால் டீசல் 1500இல் தருவது 39 கிலோவாட். அதே 39ஐப் பெட்ரோல் தர, அதன் உச்ச டார்க் எல்லா வேகத்திலும் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 2600 ஆர்பிஎம் சுற்றியாக வேண்டும். நிஜத்தில் இன்னும் மேலே. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, விழுப்புரம் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் டீசல் முனகாமல் போகும். சிவிடி பெட்ரோல் முதலில் கத்தும், பிறகு போகும். நெடுஞ்சாலையில் 'ஸ்மூத்' பட்டம் டீசலுக்குத்தான்.

ஆனால் மத்திய கைலாஷில் யாருக்கு 39 கிலோவாட் வேண்டும்? ஆட்களோடு 1600 கிலோ வண்டியை, காபி டம்ளர் தளும்பாத அளவு மெதுவாக முடுக்கி 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஒன்பது கிலோவாட் போதும். அங்கே டீசலின் பலமே தொந்தரவு. 1500க்குக் கீழே டர்போ தூங்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் விழித்துக்கொண்டு மொத்தமாகக் கொடுக்கும். பழகிய கால் இதைச் சமாளிக்கும். வாடகை டிரைவர் ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் கஷ்டம்.

மூன்று வண்டிகளை அதே வழியில், அதே மாலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். போனை நடு சீட்டில் ஒட்டி முடுக்கத்தைப் பதிவு செய்தேன். ஏஎம்டி பெட்ரோலின் வரைபடம் ரம்பப் பல் போல வந்தது. டீசல் டார்க் கன்வெர்ட்டரில் பொடிப்பொடியான நடுக்கம் நிறைய, பெரிய மேடுகள் குறைவு. நகரத் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு செங்குத்து. சிவிடி பெட்ரோல், தாலாட்டுக்கு வரைந்தது போல. அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டவில்லை. "அந்த வெள்ளைக் கார்ல ஒண்ணும் தெரியலப்பா" என்றார். அது சிவிடி.

இன்னொரு காரணமும் இருந்தது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபிறகு டீசல் கார்களின் புகைப் பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி சூடு வேண்டும். எட்டு கிலோமீட்டர் ஊர்ந்து போய் நிறுத்தினால் அந்தச் சூடு வராது. வண்டி தானாகக் கூடுதல் டீசலைத் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும், பாதியில் நாம் ஆஃப் செய்துவிடுவோம். அந்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் விடச் சொல்வார்கள். டயாலிசிஸ் முடித்தவரைப் பின்னால் வைத்துக்கொண்டு மாமண்டூர் வரை போய்வர முடியுமா?

பணக்கணக்கு: நகரத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 10, டீசல் 13 கிலோமீட்டர் என்று வைத்தேன். லிட்டர் விலை 101, 92.50. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் மிச்சம். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால் அதை மீட்க 50,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எங்கள் ஓட்டம் வருடத்துக்கு 7,000. பெட்ரோல் சிவிடி எடுத்தோம்.

மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும் என் அலுவலக நண்பருக்கோ டீசல் டார்க் கன்வெர்ட்டர்தான் எடுக்கச் சொன்னேன். அவருக்கு டிபிஎஃப் தொல்லை இல்லை, முந்துவதற்கு இழுவை வேண்டும், சிக்னல் நடுக்கம் மாதத்தில் சில மணி நேரம்தான்.

டெஸ்ட் டிரைவ் போனால் காலி ரோட்டில் ஓட்டிக் காட்டுவார்கள், அதை ஏற்காதீர்கள். மாலை ஆறரைக்குக் கேளுங்கள். ஏசியை முழுசாகப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு விட்டு வண்டியை ஊர விடுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். பிறகு சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் பின்சீட்டில் உட்காருங்கள்.